பயம் போய்விட்டது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது

மே 7, 2024. ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

என் தம்பிக்கு 26 வயது. போன வருடம் வாலாஜா டோல்கேட் தாண்டி பைக் விபத்து. பின்னால் உட்கார்ந்திருந்த அவன் சிநேகிதன் அங்கேயே போய்விட்டான். ஆறு மாதம் தம்பி வண்டியைத் தொடவில்லை. லாரி ஹாரன் கேட்டால் உடம்பெல்லாம் உதறும். ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போனோம். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார், அப்புறம் அதே ரோட்டுக்குப் போய் நிற்க வைத்தார். பயம் போய்விட்டது, இப்போது பைக் ஓட்டுகிறான். ஆனால் வீட்டில் யாரோடும் பேச்சில்லை. சிநேகிதன் வீட்டுத் தெருவை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போகிறான். தட்டில் கை வைத்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். என் கணக்கு இதுதான்: மனக்காயம் என்றால் பயம். பயம் போனால் குணமாகிவிட்டான் என்று அர்த்தம். மிச்சமெல்லாம் சோம்பேறித்தனம். தப்பா?

மே 7, இரவு 11.20

தப்பு. அந்தச் சோம்பேறித்தனம் என்ற சொல் தம்பி காதில் விழுவதற்கு முன்னால் அதை வீட்டை விட்டு எடுத்துவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன், கடைசி ஏழு வருடம் மேஸ்திரி. 2017 ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, கழிவுநீர்த் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்து அரை மணி நேரம் விட்டோம். என் கையாள் பையன், 23 வயது, குனிந்து மோந்து பார்த்துவிட்டு "ணா, வாடையே இல்லணா" என்றான். "அப்ப எறங்கு" என்றேன். அடியில் இருந்த சேற்றைக் காலால் கிளறியிருக்கிறான், விஷ வாயு கிளம்பிவிட்டது. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் தெருவில் சாக்கடை மூடி திறந்திருந்தால் அந்தப் பக்கமே போக மாட்டேன். அந்த வாயுவுக்கும் முட்டை நாற்றம்தான், அதனால் வேக வைத்த முட்டை வாடை பட்டால் நெஞ்சு அடைக்கும். அதற்கெல்லாம் சிகிச்சை எடுத்தேன். உங்கள் தம்பிக்குச் செய்ததையே எனக்கும் செய்தார்கள். எட்டு வாரத்தில் காலித் தொட்டி ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன், நெஞ்சு அடைக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அன்று ராத்திரிதான் எனக்கு மிக மோசமான ராத்திரி. பயம் இருந்தவரை நான் ஓடிக்கொண்டே இருந்தேன். ஓட்டம் நின்றதும் யோசிக்க நேரம் வந்துவிட்டது.

மே 8, காலை 6.05

தூக்கம் வரவில்லை, அதனால் ஒன்று சேர்க்கிறேன். அந்த ராத்திரி "நான் இல்லாமல் போனால் கணக்கு சரியாகிவிடும்" என்ற நினைப்பு வந்தது. தம்பி இந்த மாதிரி எதையாவது சொன்னால், அல்லது சொல்லாமலே அப்படித் தோன்றினால், காத்திருக்க வேண்டாம். 14416 டெலி மானஸ், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். எனக்கு அப்போது அந்த எண் கிடையாது. 2022 அக்டோபரில்தான் வந்தது.

மே 8, மதியம் 2.40

"மனக்காயம் என்றால் பயம்" என்பது உங்கள் கணக்கு மட்டும் இல்லை. ரொம்ப நாள் டாக்டர்கள் கணக்கும் அதுதான். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1980-இல் இந்த நோய்க்கு முதன்முதலில் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல்) என்று தனிப் பெயர் கொடுத்தபோது பதற்ற நோய்களின் வரிசையில்தான் வைத்தார்கள். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அங்கிருந்து எடுத்துத் தனி அத்தியாயம் ஆக்கினார்கள். விடாத குற்ற உணர்வு, வெட்கம், கோபம் இவையும் நோயின் அறிகுறிதான் என்று அப்போது பட்டியலில் சேர்த்தார்கள். முப்பத்து மூன்று வருடம்.

பயத்துக்கான சிகிச்சையின் அடிப்படை எளிது. எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் பெயர் இதில் பெரியது, 1986-இல் இன்னொருவரோடு சேர்ந்து இதை எழுதினார். நினைவைத் தள்ளித் தள்ளி வைத்தால் பயம் அப்படியே இருக்கும். கிட்டப் போய் நின்றால் 'இது நினைவு, ஆபத்து இல்லை' என்று உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும். என் விஷயத்தில் உடம்பு கற்றுக்கொண்டது.

ஆனால் "அப்ப எறங்கு" என்று நான் சொன்னதை ஐம்பது தடவை சொல்லிக் காட்டினாலும் நான் சொன்னது சொன்னதுதான். ஐம்பத்தோராவது தடவை அது பொய்யாகிவிடாது. பயம் 'இனி என்ன ஆகுமோ' என்பது. இது 'நான் என்ன செய்தேன்' என்பது. திரும்பச் சொல்லிப் பழகுவதால் இது தேயாது.

மே 8, இரவு 9.15

மதியம் எழுதிய கடைசி வரியைத் திருத்த வேண்டும். எனக்குச் சிகிச்சை கொடுத்த பழைய மேடத்துக்கு ஃபோன் செய்து படித்துக் காட்டினேன். "அப்படி அடித்துச் சொல்லாதீங்க" என்றார். நினைவைத் திரும்பச் சொல்லும் முறையிலும் பலருக்குக் குற்ற உணர்வு குறையத்தான் செய்கிறதாம். சொல்லி முடித்ததும் அதைப் பற்றிப் பேசுவார்கள் அல்லவா, அதில் குறைகிறது. பட்ரீஷியா ரெசிக் என்பவர் வேறொரு முறையை உண்டாக்கியவர். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக ஏற்படுத்திய முறை, பன்னிரண்டு அமர்வு, எண்ணங்களை எழுத்தில் எடுத்து விசாரிப்பது. 2002-இல் அவர் 171 பெண்களிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மொத்தத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு உதவின. குற்ற உணர்வின் சில பகுதிகளில் மட்டும் எழுதி விசாரிக்கும் முறை கூடுதலாக உதவியது.

ஆக, தம்பியின் ஆலோசகர் செய்தது வீணில்லை. பாதி வேலை முடிந்திருக்கிறது. அவரை மாற்ற வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள்.

மே 10, இரவு 10.30

குற்ற உணர்வை எப்படித்தான் விசாரித்தார்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நீளமாக எழுதுகிறேன், இதுதான் எனக்கு முக்கியம்.

மேடம் முதல் நாள் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார். என்ன நடந்தது என்று எழுத வேண்டாம், ஏன் நடந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள் என்றார். நான் இரண்டே வரி எழுதினேன். "நான் இறங்கு என்று சொன்னதால் அவன் செத்தான். தெரிந்தே அனுப்பினேன்." மேடம் பேனாவை எடுத்து 'தெரிந்தே' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டார். "என்ன தெரியும்? எந்தக் கிழமை தெரியும்?"

இந்தக் கிழமைக் கேள்வி எனக்கு வாழ்க்கையில் மறக்காது.

தோல் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோலில் இருக்கும் ரோமத்தைப் போக்க சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவோம். அந்தக் கழிவோடு ஆசிட் கழிவு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அழுகின முட்டை நாற்றம். காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலேயே படுத்திருக்கும், சேற்றுக்குள் அடைந்து கிடந்து கிளறினால் குபீரென்று வரும். எல்லாவற்றையும்விட மோசம், அளவு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். வாடை தெரியாது. வாடை இல்லை என்பதே ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

இது எனக்கு எப்போது தெரியும்? சாவுக்கு அப்புறம் விசாரணைக்கு வந்தவர் செவ்வாய்க்கிழமை சொன்னார். பையன் இறங்கியது வெள்ளிக்கிழமை. பதினெட்டு வருடம் அந்த நாற்றத்திலேயே இருந்தவன், ஒருவரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமை அறிவை எடுத்துப் போய் வெள்ளிக்கிழமை மேஸ்திரி மண்டையில் வைத்து, 'தெரிந்தே அனுப்பினாய்' என்று இரண்டு வருடம் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ஹவாயில் எட்வர்ட் குபானி என்ற உளவியலாளர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர்களிடமும் கணவனிடம் அடிபட்ட பெண்களிடமும் இதே தவறைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். பின்னால் தெரிந்ததை முன்பே தெரிந்ததாக நினைத்துக்கொள்வது. மேடம் கேட்ட கேள்வி அந்த வழியில் வந்ததுதான்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. மேடம் அடுத்ததையும் கேட்டார்: "வெள்ளிக்கிழமையே உங்களுக்குத் தெரிந்தது எது?"

இடுப்பில் கயிறு கட்டாமல் யாரையும் இறக்கக் கூடாது என்பது தெரியும். கயிறு ஸ்டோரில் இருந்தது. ஸ்டோர் சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். பத்து நிமிடம் காத்திருக்கவில்லை.

அப்புறம் ஒரு வட்டம் வரைந்தார். இந்தச் சாவுக்கு யார் யார் காரணம், பங்கு போடுங்கள் என்றார். என் பெயரைக் கடைசியில் போடச் சொன்னார். வாயு அளக்கும் மீட்டர் வாங்காத முதலாளி. ஆசிட் கழிவையும் சுண்ணாம்புக் கழிவையும் ஒரே குழாயில் விட்டவர்கள். ஷிப்ட் முடிவதற்குள் மோட்டார் ஓடியாக வேண்டும் என்று கத்தின ஆபீஸ். ஊதுகாற்று மோட்டார் ரிப்பேராகி நாலு மாதமாக மூலையில் கிடந்தது, அதைக் கேட்காத எல்லோரும். பையனுக்குப் பங்கு போட மாட்டேன் என்றேன். மேடம் வற்புறுத்தவில்லை. கடைசியில் எனக்கு மிஞ்சியது கால் வட்டத்துக்குக் கொஞ்சம் குறைவு.

முழு வட்டத்தோடு இரண்டு வருடம் இருந்தவனுக்குக் கால் வட்டம் என்பது எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அது சைபர் ஆகவில்லை. சைபர் ஆக்கியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், அந்த மேடத்திடம் திரும்பப் போயிருக்கவும் மாட்டேன்.

பிறகு பையனுடைய அம்மாவைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். மன்னித்துவிட்டார்.

மே 11, காலை 7.10

வட்டம் போட்டுப் பங்கு பிரிக்க இதென்ன மக்கன் பேடா இனிப்பா என்று ஆற்காட்டுக்காரர் கேட்டிருக்கிறார். படித்துச் சிரித்துவிட்டேன். அன்று என் மகளும் அந்தப் பேப்பரைப் பார்த்து "கேக் வெட்டுனீங்களாப்பா" என்றாள்.

இன்னொருவர் இது தப்பு செய்தவன் தப்பிக்கிற வழி என்கிறார். உங்கள் கோபம் நியாயம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், மேடம் காசு வாங்கிக்கொண்டு எனக்கு நல்ல பெயர் எழுதித் தருகிறார் என்று. நடந்தது வேறு. முழு வட்டமும் என்னுடையது என்று நினைத்திருந்தபோது நான் யாருக்காகவும் ஒரு துரும்பையும் நகர்த்தவில்லை, படுத்தே கிடந்தேன். கால் வட்டம் என்று தெரிந்த பிறகுதான் எழுந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன டேனரிகளுக்குப் போய், மீட்டரை எப்படிக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கிப் பார்ப்பது என்று இளம் மேஸ்திரிகளுக்குக் காட்டுகிறேன். 1948 தொழிற்சாலைச் சட்டம் 36-ஆம் பிரிவையும் ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். விஷ வாயு இருக்கக்கூடிய தொட்டியில் முன்னேற்பாடு இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று சொல்லும் பிரிவு. ஆயிரம் தடவை படித்தாயிற்று.

மே 13, அதிகாலை 5.00

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோவிலில் நேற்று படுகளம். பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடத்தி, கடைசி நாள் மண்ணால் பெரிய துரியோதனனைப் படுக்க வைத்து, அவன் தொடை பிளந்த பிறகு அம்மன் கூந்தல் முடிவாள். வட ஆற்காட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். நேற்று எனக்கு வேறு மாதிரி தோன்றியது.

சபையில் வைத்து அவளுக்கு நடந்ததற்குப் பிறகு அவளிடம் இருப்பது பயமா? இல்லவே இல்லை. கோபம். அவிழ்த்த கூந்தலை முடியாமலே இருக்கிறாள், பார்க்கிறவனுக்கெல்லாம் தெரிகிற மாதிரி. அந்தக் கோபத்துக்கு ஊரே கூடி இத்தனை நாள் இடம் கொடுக்கிறது, காப்புக் கட்டுகிறது, கடைசியில் முடிந்துகொள்ள ஒரு பொழுதும் வைத்திருக்கிறது. அடக்கிக்கொள் என்று யாரும் அவளிடம் சொல்வதில்லை.

என் கோபத்துக்கு இடமே இல்லை. முதலாளி மேல் இருந்தது, அவரிடம் காட்ட முடியவில்லை. வீட்டில் காட்டினேன். ஒரு நாள் அடுப்பை மகள் சரியாக மூடவில்லை, சிலிண்டர் வாடை வந்தது. பாத்திரத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பதினோரு வயது அப்போது அவளுக்கு. இப்போதும் அந்தச் சுவரில் பள்ளம் இருக்கிறது, பூசவில்லை.

மேடம் கோபத்தை விடச் சொல்லவில்லை. இரண்டு விஷயம் செய்ய வைத்தார். ஒன்று, உடம்பில் அது எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்ப்பது. எனக்குத் தாடையில். தாடை இறுகினால் வாசலுக்குப் போய்விடுவேன். இரண்டாவது, இது யார் மேல் உள்ள கோபம் என்று பெயர் சொல்வது. பெயர் சொல்ல ஆரம்பித்ததும் மகள் பெயர் அதில் ஒரு தடவைகூட வரவில்லை.

மே 13, இரவு 8.45

காலையில் எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போனது. கோபத்துக்கு அடியில் எப்போதும் வேறொன்று ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடித்தால் கோபம் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அடியில் ஆற்றாமை இருந்தது உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் அப்படிச் சொல்லக் கூடாது. முதலாளி மேல் எனக்கு இருக்கும் கோபம் வெறும் கோபம்தான், அடியில் ஒன்றும் இல்லை, அது நியாயமானது. ஏழு வருடமாகியும் போகவில்லை. போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. இப்போது அது என்னை எழுப்பி ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏற்றுகிறது.

மே 15, இரவு 9.00

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி தனியாக எழுதியிருந்தார். அவருடைய அனுமதியோடு, அடையாளம் இல்லாமல் எழுதுகிறேன். நெருங்கிய உறவில் ஒரு பெண், சின்ன வயதில் ஒருவனால் சீரழிக்கப்பட்டவர். இப்போது பயம் எதுவும் இல்லை, வேலைக்குப் போகிறார், தைரியசாலி. ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவை குளிக்கிறார், கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்திலும். "அழுக்கு ஒட்டிக்கிட்டே இருக்கு" என்கிறாராம். அப்படி எதுவும் இல்லை என்று எவ்வளவு சொல்லியும் பயனில்லை.

இது அருவருப்பு. பயத்தைவிட மெதுவாகத்தான் இறங்கும் என்று மேடம் சொன்னார். எனக்கும் முட்டை விஷயத்தில் அதுதான் ஆனது. தொட்டியைப் பார்த்து வந்த பயம் எட்டு வாரத்தில் போனது, முட்டை தின்ன மூன்று வருடம் ஆனது.

ஜெர்மனியில் ஃபிராங்க்பர்ட்டில் ரெகினா ஸ்டைல், கெர்ஸ்டின் யுங் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதே நிலையில் இருந்த பெண்களுக்காக ஒரு வழி செய்தார்கள். கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மனிதத் தோலின் மேல் அடுக்கு உதிர்ந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கிறது அல்லவா? கடைசியாக அவன் தொட்டதிலிருந்து இன்றுவரை எத்தனை தடவை முழுத் தோலும் மாறியிருக்கும் என்று அந்தப் பெண்ணையே கணக்குப் போட வைக்கிறார்கள். அப்புறம் அந்தக் கணக்கு மனதில் படும்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்ய வைக்கிறார்கள், பழைய தோல் உதிர்வது போல, தண்ணீரில் போவது போல, அவரவருக்கு எது பொருந்துகிறதோ அது.

நான் தோல் தொழிலாளி. தோல் எத்தனை அடுக்கு, மேல் அடுக்கு எப்படிப் போகும் என்று கையால் பார்த்தவன். இருபது வருடம் கழித்து அவன் தொட்ட தோல் அவர் உடம்பில் ஒரு துளிகூட இல்லை. இதை என் தொழில் மேல் ஆணையாகச் சொல்வேன்.

மே 16, காலை 6.30

"எத்தனை தடவை மாறியிருக்கும், நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சக் கணக்கை நான் போட மாட்டேன், நீங்களும் போட்டுக் கொடுக்காதீர்கள். பென்சில் அவர் கையில் இருக்க வேண்டும். அதுவும் வீட்டில் உட்கார்ந்து செய்வதல்ல, பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது. கணக்கு மட்டும் தெரிந்தால் மூளைதான் ஒப்புக்கொள்ளும். அந்தக் காட்சி மனதில் நிலைத்தால்தான் உடம்பு கூசுவது நிற்கும்.

மே 18, இரவு 11.50

இதுவரை எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

பையன் செத்த மறுநாள் ஆபீஸில் ஒரு பேப்பர் நீட்டினார்கள். 'அவர் யாரும் சொல்லாமல் தானாகவே தொட்டியில் இறங்கினார்.' சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

இதற்குக் கிழமைக் கேள்வி உதவாது. வட்டம் உதவாது. கயிறு விஷயத்தில் நான் செய்தது தப்பு என்று தோன்றும். இந்தப் பேப்பர் ஞாபகம் வந்தால் நானே தப்பு என்று தோன்றும். இரண்டுக்கும் பெயர் வேறு, முதலாவது குற்ற உணர்வு, இரண்டாவது வெட்கம். நம் ஊரில் வெட்கம் என்றால் கல்யாணப் பெண்ணின் சிரிப்புக்கும் அதே சொல்தான், அதனால் சரியாகப் படவில்லை. மூஞ்சியில் முழிக்க முடியாது என்பார்களே, அதுதான் இது. உங்கள் தம்பி அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவதும் இதனால் இருக்கலாம்.

இங்கிலாந்தில் பால் கில்பர்ட் என்பவர் இதற்காகவே ஒரு சிகிச்சை முறையை வளர்த்தார். தன்னைத் தானே வெறுப்பவனிடம் நியாயம் பேசினால் மூளைக்குத்தான் ஏறும், உள்ளே இறங்காது, தன் மேல் இரக்கம் காட்டுவதையே ஒரு பயிற்சியாகச் செய்ய வேண்டும் என்பது அவர் வழி. ரொம்ப நாள் எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. எனக்கு எதற்கு இரக்கம்? மேடம் வேறு மாதிரி கேட்டார். "உங்க கையாள் பையன் உயிரோட இருந்து, பயந்துபோய் இப்படி ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்து உங்ககிட்ட சொன்னா, அவன்கிட்ட என்ன குரல்ல பேசுவீங்க?" சொல்லுக்கு நான் தயாராக இருந்தேன். குரலுக்குத் தயாராக இல்லை. அன்று அழுததுதான் அவனுக்காக நான் அழுத முதல் அழுகை. காரியத்துக்குக்கூட நான் போகவில்லை, ஒப்பாரிச் சத்தம் தெருமுனை வரை கேட்டது, அங்கிருந்தே திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரம் என் மனைவியை உள்ளே உட்கார வைத்து இந்தப் பேப்பர் விஷயத்தைச் சொல்ல வைத்தார். சொல்லி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அவள் எழுந்து போகவில்லை.

வீட்டு மனிதரைக் கூடவே வைத்துச் சிகிச்சை செய்வது வேலூருக்குப் புதிதில்லை. பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957-இல் தொடங்கியபோதே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது என்று வைத்தார்கள். என் சின்ன வயதில் 'பாகாயம்' என்று சொன்னாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். மூஞ்சியில் முழிக்க முடியாதவனுக்கு முதலில் வேண்டியது ஒரு மூஞ்சி. இதை அங்கே கிட்டத்தட்ட எழுபது வருடத்துக்கு முன்பே யாரோ புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

மே 19, மாலை 4.00

10-ஆம் தேதி எழுதியதில் ஒரு வரி பொய். "மன்னித்துவிட்டார்" என்று எழுதினேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

நடந்தது இது. வாலாஜாவிலிருந்து உள்ளே போக வேண்டிய ஊர். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் இறங்கச் சொன்னதைச் சொன்னேன், கயிறைச் சொன்னேன், பேப்பரைச் சொன்னேன். நஷ்ட ஈட்டு வழக்கில் உண்மையை எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். (கொடுத்தேன். தாமதம்தான்.) அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அப்புறம் கேட்டார், "அன்னிக்கு சாப்ட்டானா எம்புள்ள?"

சாப்பிட்டான். பதினோரு மணிக்கு என் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதமும் அவன் கொண்டுவந்த வடையும் சேர்ந்து சாப்பிட்டோம். அதைச் சொன்னேன். எத்தனை வடை என்று கேட்டார். மூணு, ஒன்றை எனக்குக் கொடுத்தான் என்றேன்.

அதற்கப்புறம் அவர் உள்ளே போய்விட்டார். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உலகத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன், மூன்று வருடம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன் என்பது மட்டும் தெரியும்.

மே 22, இரவு 10.10

கம்மவான்பேட்டை பக்கத்திலிருந்து ஒரு முன்னாள் ராணுவ வீரர் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார், தெரிந்ததுதான். "எனக்குக் குண்டுச் சத்தம் ஒன்றும் இல்லை, தீபாவளிக்கு நானே வெடி வைப்பேன். நான் பின்பற்றிய ஒரு உத்தரவுதான் என்னை விடவில்லை" என்கிறார். அதற்கு மேல் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐயா, பாஸ்டனில் ஜானதன் ஷே என்ற மனநல மருத்துவர் வியட்நாம் போர் வீரர்களோடு பல வருடம் இருந்துவிட்டு இதற்கு அறக்காயம் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். உயிருக்கு வந்த ஆபத்தால் ஆன காயம் வேறு. சரி எது என்று நம்பியிருந்தோமோ அதற்கு எதிராக நடந்ததால், அல்லது மேலே இருப்பவன் நடக்க வைத்ததால் ஆன காயம் வேறு. நீங்கள் சொன்னது இரண்டாவது மாதிரி தெரிகிறது. என் பேப்பரும் இதில்தான் சேரும். உங்களைப் போல அங்கே இருந்த ஒருவரிடம் முதலில் வாயைத் திறந்து பாருங்கள். எனக்கு உங்களிடம் கேட்கத் தகுதி இல்லை, ஆனால் கேட்கச் சொன்னால் கேட்பேன்.

மே 26, இரவு 9.30

ஆற்காட்டுக்காரர் எழுதியிருக்கிறார். சோம்பேறி என்ற சொல்லை நிறுத்திவிட்டாராம். நேற்று ராத்திரி கரண்ட் போய் இரண்டு பேரும் மொட்டை மாடியில் படுத்திருந்தபோது தம்பி இருட்டில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னானாம். "அவன் ஹெல்மெட் கேட்டான், பக்கத்துலதானடா போறோம்னு சொன்னேன்."

இத்தனை நாள் சிகிச்சை எடுத்தும் இந்த வாக்கியம் வெளியே வரவில்லை. விபத்தைப் பற்றிக் கேட்டார்கள், லாரியைப் பற்றிக் கேட்டார்கள், இவனும் எல்லாம் சொன்னான். வண்டி எடுப்பதற்கு முன்னால் வாசலில் நடந்தது இது. கதை அங்கே ஆரம்பிக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் நாற்றம், தொட்டி, சேறு எல்லாம் சொல்லி முடித்த பிறகும் ஸ்டோர் சாவி வரவில்லை.

நீங்கள் உடனே "உன் மேல தப்பே இல்லடா" என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் வேறு என்ன சொல்வார். ஆனால் அவன் மறுபடி வாயை மூடிக்கொண்டான் அல்லவா? சைபர் என்று சொன்னால் நம்ப மாட்டான். இன்றைக்குப் போய் "நேத்து அவசரப்பட்டு சொல்லிட்டேன், நீ சொல்லு, கேக்கறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பங்கு பிரிப்பதை ஆலோசகர் பார்த்துக்கொள்வார்.

ஜூன் 1, காலை 6.15

அதே ஆலோசகரிடம் வியாழக்கிழமை நேரம் வாங்கியிருப்பது நல்லது. இந்த ஹெல்மெட் வாக்கியத்தை அவன் கையாலேயே ஒரு பேப்பரில் எழுதச் சொல்லுங்கள், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். அங்கே போய் உட்கார்ந்ததும் வாய் வராது. எனக்கு வரவில்லை, பேப்பரைத்தான் நீட்டினேன். போகும் வழியில் வயிற்றுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள், வெறும் வயிற்றோடு கூட்டிப் போக வேண்டாம்.